பாடசாலைக் கலை வாரம்: மனோர் பார்க் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளையின் புத்தகப் பையில் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. வரும் வாரம் கலை வாரம் என்றும், ஐந்து நாள்களுக்கு வழக்கமான நேர அட்டவணை மாறும் என்றும், விரும்பும் பெற்றோர் வந்து பங்குகொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. மனோர் பார்க்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இக்கடிதம் மூன்று கேள்விகளை எழுப்புகிறது. ஒரு வாரப் படிப்பு வீணாகிவிடாதா? இதற்கெனப் பணம் கட்ட வேண்டுமா? ஆங்கிலம் சரளமாகப் பேச வராத பெற்றோர் அங்கே சென்று செய்யக்கூடியது என்ன? இம்மூன்று கேள்விகளுக்கும் உரிய விளக்கம் கீழே தரப்படுகிறது.

கலை வாரம் எவ்வாறு அமைகிறது

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் ஓவியமும் வடிவமைப்பும் ஒரு பாடம். இசை மற்றொரு பாடம். 5 வயது முதல் 14 வயது வரை இவ்விரண்டும் கட்டாயமானவை. நடனம் உடற்கல்வியின் ஒரு பகுதியாகவும், நாடகம் ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதியாகவும் கற்பிக்கப்படுகின்றன. தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லாத அக்கடமிப் பாடசாலைகளும் பரந்த, சமநிலையான கல்வியை வழங்கக் கடமைப்பட்டவை. ஆகவே, கலை வாரத்தில் பிள்ளைகள் செய்வது பாடத்திட்டத்துக்கு வெளியேயுள்ள செயல் அன்று. ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாகச் சிதறிக் கிடப்பது, ஐந்து நாள்களில் ஒன்றுசேர்க்கப்படுகிறது.

இந்த வாரத்தை நடத்த வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எந்த வாரம், எந்தத் தலைப்பு, எந்தக் கலைகள் என்பவற்றை ஒவ்வொரு பாடசாலையும் தானே தீர்மானிக்கிறது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில் மே மாதத்தின் நான்காவது வாரத்தை அனைத்துலகக் கலைக்கல்வி வாரமாக அறிவித்தது. இங்கிலாந்தில் மே மாத இறுதியில் அரைத்தவணை விடுமுறை வருவதாலும், அதே மாதத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேசியத் தேர்வுகள் நடப்பதாலும், பாடசாலைகள் தமக்கு வசதியான வேறு வாரத்தையும் தேர்ந்துகொள்கின்றன. ஜூன், ஜூலை மாதங்கள் அதற்கு ஏற்றவை.

வழக்கமாக ஒரு தலைப்பை மையமாகக் கொண்டு வாரம் தொடங்கும். ஆறு, பயணம், ஒளி போன்ற ஒரு தலைப்பை எல்லா வகுப்புகளும் எடுத்துக்கொள்ளும். ஒரு வகுப்பு அதைக் களிமண்ணில் செய்யும். மற்றொன்று பாட்டாக அமைக்கும். வேறொன்று நாடகமாக நடிக்கும். வெளியிலிருந்து ஓவியர், நடனக் கலைஞர், கதைசொல்லி ஆகியோர் வந்து பயிற்சி தருவதுண்டு. வெள்ளிக்கிழமை கண்காட்சியோ மேடை நிகழ்ச்சியோ நடைபெறும். பெற்றோர் பெரும்பாலும் காண்பது இந்த இறுதி நாளை மட்டுமே. பிள்ளை கற்றுக்கொள்வது அதற்கு முந்திய நான்கு நாள்களில்: திட்டமிடுவது, செய்து பார்ப்பது, பிழைபட்டதைத் திருத்துவது, மற்றவர்களோடு சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது.

படிப்பு தடைப்படுகிறதா?

கணக்கும் வாசிப்பும் அந்த வாரத்தில் நின்றுவிடுவதில்லை; அவை வேறு வடிவத்தில் வருகின்றன. தமிழர் நன்கறிந்த இரண்டு எடுத்துக்காட்டுகள் இதைத் தெளிவாக்கும்.

முதலாவது, புள்ளிக் கோலம். புள்ளிகளை வரிசையாக இடுவது, நாற்புறமும் சமச்சீராக வரும்படி கோட்டைச் சுழற்றுவது, ஒரே இழையால் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிப்பது ஆகியவை யாவும் வடிவியல் பயிற்சிகள். சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் நோக்கில் ஆராய்ந்தனர். எந்த விதிகளின்படி ஒரு சிறு வடிவம் பெருகிப் பெருங்கோலமாகிறது என்பதே அவர்களது ஆய்வுப் பொருள். பாட்டி வாசலில் இட்ட கோலம் பல்கலைக்கழக ஆய்விதழ் வரை சென்றது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது தகும்.

இரண்டாவது, தாளம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை கொண்டது. 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, 'தகதகிட' ஐந்து, 'தகிடதகதிமி' ஏழு. எட்டு எண்ணிக்கைக்குள் மூன்று, மூன்று, இரண்டு என்று சொற்கட்டைப் பிரித்துக் கைதட்டும் பிள்ளை, எண்ணைக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கைத் தன் கைகளாலேயே செய்கிறது.

இவற்றைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. அண்மையில் இந்நாட்டுக்கு வந்த பிள்ளை, ஆங்கிலச் சொற்கள் போதாமையால் வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறவாமல் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்குத் தாளம் போடவோ, வரையவோ, ஆடவோ தெரிந்திருந்தால், கலை வாரத்தில் மற்றவர்கள் அதனிடம் கற்றுக்கொள்ளும் நிலை ஏற்படும். வகுப்புத் தோழர்கள் அதைப் பார்க்கும் பார்வை அன்று மாறுகிறது. பேசுவதற்கான துணிவும் அத்தகைய நாளில்தான் பிறக்கிறது.

வரவு கட்டாயம்

"படிப்பில்லாத வாரம்தானே" என்று எண்ணிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைப்பதோ, விடுமுறைப் பயணத்தை அந்த வாரத்தில் தொடங்குவதோ கூடாது. கலை வார நாள்கள் முழுமையான பாடசாலை நாள்கள். ஒவ்வொரு நாளும் காலை, பிற்பகல் என இரு அமர்வுகளாகப் பதிவு செய்யப்படுகிறது. பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் அனுமதியில்லாத 10 அமர்வுகள் சேர்ந்தால், தண்டப் பணம் விதிக்கலாமா என்பதைப் பாடசாலை பரிசீலிக்க வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதற்குமான விதி. ஐந்து நாள்கள் என்பது சரியாக 10 அமர்வுகள். தண்டப் பணம் ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 160 பவுண். 21 நாள்களுக்குள் செலுத்தினால் 80 பவுண்.

சமயக் காரணங்களால் தயங்கும் குடும்பங்களும் உள்ளன. சமயக் கல்வியிலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் பெற்றோருக்கு அளிக்கிறது. ஓவியம், இசை ஆகிய பாடங்களுக்கு அத்தகைய உரிமை இல்லை. ஏதேனும் ஒரு பாட்டோ நடனமோ குடும்பத்தின் நம்பிக்கைக்கு ஒவ்வாததாகத் தோன்றினால், வகுப்பாசிரியருடன் முன்கூட்டியே பேசுவது நலம். பிள்ளைக்கு வேறு பங்கு கொடுப்பது பல வேளைகளில் எளிதாகவே இயலும்.

பணம் கட்ட இயலாவிட்டால்

அரசு நிதியில் இயங்கும் பாடசாலைகள், பாடசாலை நேரத்தில் நடைபெறும் கல்விக்குக் கட்டணம் அறவிட முடியாது. இது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விதி. கலைஞர் வருகைக்கோ அருங்காட்சியகப் பயணத்துக்கோ பெற்றோரிடம் விருப்ப நன்கொடை கேட்கலாம். ஆனால் அது விருப்பத்தின் பேரில் தரப்படுவது என்பதைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணம் தராத குடும்பத்தின் பிள்ளையை அக்காரணத்துக்காக நிகழ்ச்சியிலிருந்து ஒதுக்கிவைக்க முடியாது. போதிய நன்கொடை சேராவிட்டால் பாடசாலை அப்பயணத்தை எல்லோருக்குமாக நிறுத்தலாம். சிலரை மட்டும் விட்டுச் செல்ல முடியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெற்றோரின் வேண்டுகோளின் பேரில் தனியாகவோ சிறு குழுவாகவோ இசைக்கருவி அல்லது வாய்ப்பாட்டுக் கற்பிக்கப்படுமானால், அதற்குக் கட்டணம் பெறலாம். கலை வாரம் முடிந்ததும் வயலின் அல்லது பியானோ வகுப்பில் சேருமாறு கடிதம் வந்தால், கட்டணச் சலுகை உண்டா, கருவியை இரவலாகப் பெறலாமா என்று அலுவலகத்தில் கேட்டறிவது பயன் தரும்.

உடைக்காகக் கடன்படத் தேவையில்லை. வீட்டிலுள்ள வேட்டி, பாவாடை சட்டை, பழைய சேலை ஆகியவையே மேடைக்குப் போதும். உடை வாங்க இயலாத நிலையை ஆசிரியரிடம் தனியாகச் சொல்வதில் இழுக்கேதும் இல்லை.

வீட்டிலிருந்து கொண்டுசெல்லக்கூடியவை

பரதநாட்டியமும் கர்நாடக இசையும் இப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்புகளில் கிடைக்கின்றன. சனிக்கிழமை அரங்கேற்றம் காணும் பிள்ளை, திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பதும் உண்டு. வீட்டுக் கலையும் பாடசாலைக் கலையும் தனித்தனி உலகங்கள் என்னும் எண்ணம் இவ்வாறே வேரூன்றுகிறது. கலை வாரம் அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் வாய்ப்பு. ஆனால் பாடசாலைக்குத் தெரிந்த தமிழ்க் கலை எதுவோ, அதுவே மேடையேறும். பெற்றோர் சொல்லாதவரை, பரதநாட்டியத்துக்கு அப்பால் தமிழரிடம் உள்ளவற்றை ஆசிரியர்கள் அறிய வழியில்லை.

நாட்டுக்கூத்து, வில்லுப்பாட்டு, பொம்மலாட்டம், கரகம், கும்மி, கோலாட்டம், சிலம்பம், பறை, நாதஸ்வரம், தவில், மண்பாண்டம், பனையோலைப் பின்னல், பூமாலை கட்டுதல் என அப்பட்டியல் நீளும். இவற்றுள் கும்மியும் கோலாட்டமும் மொழி தெரியாதவரும் பத்து நிமிடத்தில் சேர்ந்துகொள்ளக்கூடியவை. வில்லுப்பாட்டில் ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' என்று தொடர்வர். அந்தப் பின்பாட்டை ஆங்கிலக் கதைக்கும் பயன்படுத்தலாம். பனையோலை இங்கே கிடைக்காவிட்டால், தடித்த காகிதக் கீற்றுகளால் அதே பின்னலைக் கற்றுக்கொடுக்கலாம்.

பறையைக் கொண்டுசெல்பவர்கள் அதன் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது நன்று. சாதியின் பெயரால் நெடுங்காலம் இழிவாக நடத்தப்பட்ட மக்களின் கருவியாகவும், சாவு வீட்டின் ஒலியாகவும் மட்டுமே அது பார்க்கப்பட்டது. இன்று அது தமிழரின் பொது மேடைகளில் பெருமையோடு ஒலிக்கிறது. ஒரு கருவி எவ்வாறு மதிப்பிழந்தது, எவ்வாறு மதிப்பை மீட்டது என்பது, சமத்துவம் பற்றி இந்நாட்டு வகுப்பறைகளில் நடக்கும் உரையாடலுக்கு உகந்த பாடம்.

விடிய விடிய ஆடும் கூத்து இருபது நிமிட மேடைக்குள் அடங்குமா என்ற ஐயம் எழலாம். அதற்கு முன்னுதாரணம் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை அரங்கேற்றினார். மட்டக்களப்பில் இரவு முழுவதும் ஆடப்பட்ட மரபை, ஆட்டமும் பாட்டும் குன்றாமல் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்குவதில் முன்னின்ற குழந்தை ம. சண்முகலிங்கம், 'கூடி விளையாடு பாப்பா' போன்ற நாடகங்களைச் சிறுவர்களுக்கென எழுதினார். தமிழ்நாட்டிலோ அரசுப் பாடசாலைகளில் 2022–23ஆம் கல்வியாண்டு முதல் 'கலைத் திருவிழா' நடத்தப்படுகிறது. பாடசாலை அளவில் தொடங்கும் போட்டிகள் மாநில அளவு வரை செல்கின்றன. சிறந்து விளங்கும் மாணவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' என்னும் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஆகவே, பாடசாலையில் கலைக்கென நாள்களை ஒதுக்குவது தமிழருக்கு அயலான வழக்கம் அன்று.

பாடசாலையை அணுகும் முறை

கலை வாரத்துக்குக் குறைந்தது மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பே வகுப்பாசிரியரிடமோ அலுவலகத்திடமோ தெரிவிப்பது நல்லது. என்ன செய்ய இயலும், எவ்வளவு நேரம் ஆகும், எந்த வயதினருக்குப் பொருந்தும், எவ்வளவு இடம் வேண்டும் என்னும் நான்கையும் சில வரிகளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆங்கிலத்தில் எழுத இயலாதவர்கள் பிள்ளையின் உதவியையோ உறவினரின் உதவியையோ பெறலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாயின் அதையும் பாடசாலையிடம் கேட்கலாம்.

ஆங்கிலம் தெரியாமை தடையாகாது. கோலம் இடவும், மாலை தொடுக்கவும், தாளம் போடவும் கை பேசினால் போதும். விளக்கத்தை ஆசிரியரோ மூத்த மாணவரோ சொல்லலாம். தாத்தா, பாட்டியரும் வரலாம். ஒரு நாள் மட்டும் வந்து, ஆசிரியர் உடனிருக்கும்போது செயல்விளக்கம் செய்பவருக்குக் குற்றப்பதிவுச் சோதனை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எனினும் அதைத் தீர்மானிப்பது பாடசாலையே. ஒளிப்பட அடையாளச் சான்று ஒன்றைக் கொண்டுசெல்வது வசதி. அரிசி மாவு, பூ, எண்ணெய் விளக்கு, உணவு ஆகியவற்றைக் கொண்டுசெல்ல எண்ணுபவர்கள் முதலில் அனுமதி பெற வேண்டும். ஒவ்வாமையும் தீப் பாதுகாப்பும் இங்கே கண்டிப்பாகக் கவனிக்கப்படுகின்றன. கோலத்துக்குச் சுண்ணக்கட்டி போதுமானது.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்

ஆட்டிச நிலையுள்ள பிள்ளைக்கும் ஒலியைத் தாங்க இயலாத பிள்ளைக்கும் கலை வாரம் கடினமான வாரமாக அமையக்கூடும். அறை மாறுகிறது, ஆசிரியர் மாறுகிறார், மேளம் முழங்குகிறது. அதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, ஊனமுற்ற மாணவர்களுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்வது பாடசாலையின் கடமை. சிறப்புக் கல்வித் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரைச் சந்தித்து, அந்த வாரத்தின் அட்டவணையைப் படங்களாக முன்கூட்டியே பெறலாம். ஒலி தடுக்கும் காதணியைக் கேட்கலாம். பிள்ளை ஒதுங்கி அமர அமைதியான ஓர் இடத்தை ஏற்பாடு செய்யுமாறு கோரலாம். மேடையேற விரும்பாத பிள்ளை திரைச்சீலைக்கு வண்ணம் தீட்டுவதும் கலைப் பங்களிப்பே.

படம் எடுத்தல்

தம் பிள்ளையின் நிகழ்ச்சியைக் குடும்பத் தேவைக்காகப் படம் எடுப்பதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்யவில்லை. ஆயினும் பாடசாலை தனக்கென விதி வகுக்கலாம். அவ்விதிக்கு உட்படுவதே முறை. பிற பிள்ளைகள் தெரியும் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிர்தல் கூடாது. பாதுகாப்புக் காரணங்களால் தம் இருப்பிடம் வெளியே தெரியக்கூடாத குடும்பங்களும் நம்மிடையே உள்ளன.

வாரம் முடிந்த பின்

மனோர் பார்க்கிலேயே பார்த்து வரையத்தக்க இடங்கள் பல உள்ளன. சர்ச் ரோட் பகுதியில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லிட்டில் இல்போர்ட் புனித மரியாள் தேவாலயமும், திராவிடக் கட்டடக்கலை மரபில் அமைந்த இலண்டன் ஸ்ரீ முருகன் ஆலயமும் உள்ளன. இவ்விரண்டின் தூண்களையும் வாயில்களையும் ஒப்பிட்டு வரைவது ஒரு மாலைப் பொழுதுக்கான பயிற்சி. ரோம்ஃபோர்ட் ரோட்டில் உள்ள பழைய மனோர் பார்க் நூலகம், ஆண்ட்ரூ கார்னேகியின் நன்கொடையால் கட்டப்பட்டு 1905இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அக்கட்டடத்தில் ஓவியர்களின் பணிக்கூடங்களும் ராபிட்ஸ் ரோட் பிரஸ் என்னும் சமூக அச்சுப் பட்டறையும் அமைந்தன. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இலண்டன் தமிழ்ச் சங்கம் உள்ளது.

எலிசபெத் லைனில் மூன்றாவது நிறுத்தம் ஸ்ட்ராட்போர்ட். அங்கே 1884இல் திறக்கப்பட்ட தியேட்டர் ரோயல், சிறுவர்களுக்கான டிஸ்கவர் கதை மையம், 2025இல் திறக்கப்பட்ட சாட்லர்ஸ் வெல்ஸ் ஈஸ்ட் நடன அரங்கு ஆகியன உள்ளன. அதே ஆண்டில் ஒலிம்பிக் பூங்காவில் திறக்கப்பட்ட விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் 250,000க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன, நுழைவு இலவசம், விரும்பிய பொருளை முன்பதிவு செய்து அருகிலிருந்து காணலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் கால நடராசர் திருமேனி இருக்கிறது. அங்கும் நுழைவு இலவசம். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நால்வர் வரை, கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் எலிசபெத் லைனிலும் சுரங்க ரயிலிலும் இலவசமாகப் பயணம் செய்யலாம்.

மேல் வகுப்புகளுக்கும் இவ்வாரம் பயன்படும். ஜி.சி.எஸ்.இ. ஓவியப் பாடத்தில் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் மாணவர் தொகுத்த ஆக்கங்களுக்கே உரியவை. கலை வாரத்தில் தொடங்கிய வரைபுப் புத்தகத்தைத் தொடர்ந்து பேணுவது அப்பழக்கத்தை வளர்க்கும். ஜி.சி.எஸ்.இ. இசையில் வாசிப்பும் இயற்றலும் சேர்ந்து 60 விழுக்காடு பெறுகின்றன. வாசிப்பு எந்தக் கருவியிலும் அமையலாம் என்பதால், மிருதங்கமும் வீணையும் பயிலும் பிள்ளைகள் தம் ஆசிரியரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். 14 வயதில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏதேனும் ஒரு கலைப்பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பாடசாலை வழங்கியாக வேண்டும். பிள்ளை அதை விரும்பினால், வீட்டில் மறுப்பதற்கு முன் கலைப்பாட ஆசிரியரைச் சந்தித்துப் பேசுவது நன்று.

கடிதத்தின் அடியில் வழக்கமாக ஒரு சிறு படிவம் இருக்கும்: பெற்றோர் வர இயலுமா, என்ன உதவி செய்ய இயலும் என்று அது கேட்கும். குறிப்பிட்ட நாளுக்கு முன் அதை நிரப்பி அனுப்பினால், ஆசிரியர்கள் அதற்கேற்பத் திட்டமிடுவர். எழுதத் தயங்குபவர்கள் காலையில் பிள்ளையை விடும்போது வாசலில் நிற்கும் ஆசிரியரிடம் நேரில் சொன்னாலும் போதும். வேலை நேரத்தால் பகலில் வர இயலாதவர்கள், வீட்டில் ஒரு பாட்டையோ கோலத்தையோ பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பலாம். வகுப்பில் அதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளையே ஏற்றுக்கொள்ளும்.